பி பக்கத்தின் கடைசி நான்கு நிமிடம்

பழைய கேசட்டைக் கொண்டுவந்து ‘இதை பென் டிரைவில் ஏற்றித் தர முடியுமா’ என்று யாராவது கேட்டால், பிளேயரைத் தொடுவதற்கு முன்பே ஒரு சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லையும் உடைத்துவிடுவேன். டக், டக். கொண்டுவந்தவர் முகம் மாறும். அப்பா குரல் இருக்கிற கேசட்டைக் கண்ணெதிரே உடைக்கிறானே என்று எழுந்து நின்றவர்கள் உண்டு. உடைத்த பிறகுதான் அது பத்திரம் என்று உட்காரவைத்துச் சொல்வேன். அந்தப் பல் இருக்கும்வரை ரெக்கார்ட் பட்டன் அழுந்தும். போய்விட்டால் அழுந்தாது.

ரெக்கார்டிங் கடைகளில் நாங்கள் அதை ‘லாக்’ என்போம். லாக்கை உடைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு 1993 கோடையில் தெரிந்தது. வயது 16.

கும்பகோணத்தில் மகாமகம் முடிந்த மறுவருஷம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா கிடந்தவனை, அப்பா தனக்குத் தெரிந்த ஒரு கேசட் கடைக்காரரிடம் கொண்டுபோய் விட்டார். சம்பளம் என்று பேச்சே இல்லை. சாயங்காலம் டீ, சனிக்கிழமை முதலாளிக்குத் தோன்றியது எதுவோ அது. கடை என்றால் பத்துக்கு எட்டு இருக்கும். மூன்று சுவர் முழுக்க கேசட், ஒரு மூலையில் எல்.பி. ரெக்கார்டுகள், நடுவில் கேசட் பதிகிற இரண்டு டெக். முந்தைய ஆகஸ்டில் வந்த ‘ரோஜா’ படத்துப் பாட்டுகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ராஜா கட்சி, ரஹ்மான் கட்சி என்று கடை வாசலில் தினமும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். முதலாளி இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அவருக்கு இரண்டுமே ஓடுகிற சரக்கு.

நாங்கள் செய்தது சட்டப்படி திருட்டு என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. பதிப்புரிமைச் சட்டம் 1957-லிருந்தே இருக்கிறது. ஆனால் தெருவுக்கு ஒரு கடை போர்டு மாட்டி பகிரங்கமாகச் செய்த வேலையை யார் திருட்டென்று நினைப்பார்கள்? வருகிறவர்கள் ஒரு தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள், நாங்கள் வரிசையாகப் பதிந்து கொடுப்போம். அவ்வளவுதான் தொழில்.

பார்க்கத்தான் சுலபம். 60 கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். சினிமாப் பாட்டு ஒன்று நாலு நிமிடமும் வரும், ஐந்தரையும் வரும். வாடிக்கையாளர் எழுதிய வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு பதிந்தால் ஆறாவது பாட்டு சரணத்தின் நடுவில் பொசுக்கென்று அறுந்து நிற்கும். கல்யாண வீட்டில் போட்டவன் மறுநாள் சண்டைக்கு வருவான். அதனால் ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த ஒரு நீளநோட்டு கடையில் இருந்தது. அதைப் பார்த்துப் பாட்டுகளை இங்கும் அங்கும் மாற்றி 30-க்குள் அடைக்க வேண்டும். அப்படியும் கடைசியில் மூன்று நாலு நிமிடம் மிஞ்சும். அதில் நாங்களாக ஒரு பாட்டைப் போட்டுவிடுவோம். “வெறும் டேப்ப விக்கிறது பாவம்டா தம்பி” என்பார் முதலாளி. இலவசமாக ஒரு பாட்டு கிடைத்ததில் வாடிக்கையாளருக்கும் சந்தோஷம்.

இந்த மிச்ச இடம்தான் என் கதை.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் மத்தியானம் ஒரு பெண் வந்து நின்றாள். சென்னையிலிருந்து லீவுக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தவள். அவளும் பத்தாவதுதான் எழுதியிருந்தாள். கையில் நோட்டுத்தாள், மடித்த இடத்தில் வியர்வை பட்டு மசி ஊறியிருந்தது.

“அண்ணா, இதுல இருக்கறதெல்லாம் உங்ககிட்ட இருக்குமா?”

அவளைவிட மூன்று மாதம் பெரியவனோ சின்னவனோ தெரியாது, அண்ணா. அந்த ஒரு சொல்லுக்காகவே அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டபுள் டெக்கில் ஹை ஸ்பீட் என்று ஒன்று உண்டு. ஒரு மணி நேரக் கேசட்டை அரை மணியில் அடித்துவிடலாம், ஆனால் சலங்கை, வயலின் மாதிரி மேலே கேட்கிற ஒலியெல்லாம் கொஞ்சம் மங்கிப்போகும். அவசரத்துக்கு வருகிறவர்களுக்கு அப்படித்தான் கொடுப்போம். அவள் கேசட்டை நான் சாதாரண வேகத்திலேயே பதிந்தேன். ஒவ்வொரு பாட்டையும் முழுசாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்கப்போவதை நான் முதலில் கேட்கிறேன் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. அக்னி நட்சத்திரம் ஆரம்பித்து, கடையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை தகித்தது. காவிரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. என் கூட்டாளிகள் ஆற்று மணலில் ஸ்டம்பு நட்டுவிட்டு என்னைக் கூப்பிட வந்து, வந்து, அப்புறம் விட்டுவிட்டார்கள்.

முதல் கேசட்டில் ஏ பக்கக் கடைசியில் மூன்றே முக்கால் நிமிடம் மிஞ்சியது. அன்று ராத்திரி தூங்கவில்லை. நேரடியான காதல் பாட்டு போட்டால் வம்பு, பாட்டி வீட்டில் கூடத்தில் வைத்துக் கேட்பார்கள். சோகப் பாட்டு போட்டால் அசடு. கடைசியில், மழையைப் பற்றிய ஒரு பழைய பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். அதில் காதல் என்ற வார்த்தையே வராது. கேட்கிறவருக்குப் புரிந்தால் புரியட்டும்.

ஒரு வாரம் கழித்து அடுத்த லிஸ்டோடு வந்தாள். தாளைக் கவுண்டரில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். பத்துப் பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில், ‘போன கேசட்ல ஏ பக்கக் கடைசிப் பாட்டு யார் பாடினது?’

அந்தத் தாளை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். பாடியவர் பெயரை எழுதி, கேசட் அட்டைக்குள் மடித்து வைத்தேன். அதற்குப் பிறகு அதுவே வழக்கமானது. அவள் பத்துப் பாட்டு எழுதுவாள். நான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சேர்ப்பேன். அவள் அடுத்த லிஸ்டின் அடியில் ஒரு வரி எழுதுவாள். ‘பி பக்கத்துப் பாட்டு சுமார்.’ ‘இந்தப் புல்லாங்குழல் யாரு?’ ‘பாட்டிக்குப் பிடிச்சுது, எனக்கு இல்ல.’ நேரில் பேசியது மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு பக்கக் கேசட்டுக்கு வராது. அண்ணா மட்டும் எப்போதோ உதிர்ந்துவிட்டிருந்தது. ‘இங்க பாருங்க’ என்றுதான் ஆரம்பிப்பாள். ஒருநாள் முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது நீளநோட்டை அவளிடம் காட்டினேன். பாட்டின் நேரத்தை எப்படிக் கூட்டுவது, 30-க்குள் எப்படி அடைப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அடுத்த வாரத்திலிருந்து அவள் லிஸ்டில் பாட்டுக்குப் பக்கத்தில் நேரமும் இருந்தது.

மே மாதம் மூன்றாவது வாரம். இந்த முறை புதுக் கேசட் வேண்டாம் என்று, வீட்டிலிருந்த ஒன்றைக் கொண்டுவந்தாள். பழசு. லேபிளில் எழுதியிருந்தது அழிந்துபோயிருந்தது. பழைய கேசட்டில் பதிவது ஒன்றும் புதிதில்லை, காசு மிச்சம் என்று பாதிப்பேர் செய்வதுதான். லிஸ்டைப் பார்த்தேன். ஏ பக்கம் ஆறு பாட்டு. பி பக்கம் ஐந்து. கூட்டினால் இருபத்தைந்து நிமிடம், சில்லறை. அதற்குக் கீழே ‘5 போதும்’ என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தாள்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எனக்காக இடம் விட்டிருக்கிறாள் என்று தோன்றியது.

அதிலும் நாலேகால் நிமிடத்துக்கு மேல்! இதுவரை மூன்றரை, மூன்றே முக்கால்தான் மிஞ்சியிருக்கிறது. இன்னும் பத்து நாளில் ஊருக்குப் போகப்போகிறவள். இந்தத் தடவை மழை, நிலா என்று சுற்றி வளைக்காமல் நேரடியாகவே ஒரு பாட்டு. அது அந்த இடத்தில் அச்சாகப் பொருந்தியது. கடைசித் தாளம் முடிந்து மூன்று நொடியில் டேப் தீர்ந்து பட்டன் தானாக எழும்பியபோது, என் தொழில் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

பதிவதற்கு முன் அந்தக் கேசட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம்கூடப் போட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் வந்தாள். கூட்டம் இருந்தது. ஓரமாக நின்று, எல்லாரும் போகும்வரை காத்திருந்தாள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது, பதில் வந்துவிட்டது என்று.

“பி பக்கம் கடைசில என்ன பண்ணீங்க?”

“இடம் இருந்துச்சு, அதான் ஒரு பாட்டு…”

“இடம் இல்ல அது. தாத்தா.”

போன வருஷம் தவறியவர். எப்போதோ வீட்டில் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்னில் இவள் விளையாட்டாகப் பதிந்தபோது மாட்டிக்கொண்ட குரல். பாட்டியிடம் வெற்றிலைப் பெட்டியை எங்கே வைத்தாய் என்று கேட்பாராம். பாட்டி பதில் சொல்லாமல் இருக்க, மறுபடி கேட்பாராம். ஒரு இருமல். அப்புறம் இவளைப் பார்த்து, “அதென்ன சிவப்பா எரியறது?” என்பாராம். அவ்வளவுதான் மொத்தமும். வீட்டில் கடிகாரம் வைத்துப் பார்த்து, தாத்தா எத்தனையாவது நிமிடத்தில் ஆரம்பிக்கிறார் என்று கணக்குப் போட்டு, அதற்கு முன்னால் முடிகிற மாதிரி ஐந்து பாட்டைத் தேடி எடுத்திருக்கிறாள். பாட்டெல்லாம் முடிந்ததும் தாத்தா வர வேண்டும் என்று. அந்தக் கணக்கை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

அழவில்லை, திட்டவும் இல்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதலாளியிடம் ஓடினேன், ஏதாவது செய்து திரும்ப எடுக்க முடியுமா என்று. அவர் டெக்கின் கதவைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். இடது பக்கம் ஒரு ஹெட், நடுவில் ஒரு ஹெட். பதியும்போது டேப் முதலில் இடது பக்கத்து ஹெட்டின் மேல் போகும், அது இருப்பதைத் துடைத்துவிடும். துடைத்த டேப்பில்தான் நடு ஹெட் புதுசாக எழுதும். “சிலேட்டுல எச்சி தொட்டு அழிச்சிட்டு எழுதற மாதிரிடா. அழிச்சது எங்கேருந்து வரும்?” என்றார். அப்புறம், “ஏன் லாக்க உடைக்கல அவங்க?” என்றும் கேட்டார். அது நியாயமில்லாத கேள்வி. லாக்கை உடைத்திருந்தால் அந்த ஐந்து பாட்டையும் பதிந்திருக்க முடியாது.

கேசட் கடைகளெல்லாம் மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களுடைய கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றிக் கொடுக்கிறேன், காசு வாங்குவதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பிஸ்கட் டின் நிறைய கேசட் இருக்கும் என்பதால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லாக்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட்டேன். அடுத்தது, எந்தக் கேசட்டையும் லேபிளை நம்பித் தூக்கிப் போடாதீர்கள். ‘பக்திப் பாடல்கள்’ என்று போட்டிருக்கும். பாடலெல்லாம் முடிந்த பிறகு பி பக்கத்தின் வாலில்தான் வீட்டுக் குரல்கள் ஒளிந்திருக்கும். குழந்தைகள் கைக்கு டேப் ரெக்கார்டர் கிடைத்தபோதெல்லாம் மிச்சமிருந்த இடத்தில்தான் பேசியிருப்பார்கள். கடைசி நொடிவரை, இரண்டு பக்கமும் ஓடவிட்டுக் கேளுங்கள். வேறு வழி கிடையாது.

ஓடவிடுவதற்கு முன் கேசட்டின் நடுவிலிருக்கும் சன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. அதைப் போட்டால் பிளேயரின் ஹெட்டெல்லாம் அப்பி அடுத்த கேசட்டுக்கும் ஏறும், தனியாக எடுத்து வையுங்கள். டேப் திறந்திருக்கும் வாயின் நடுவில், மெல்லிய உலோகப் பட்டையில் ஒட்டிய குட்டிப் பஞ்சு ஒன்று இருக்க வேண்டும். அதுதான் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது. பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்டால் பலசமயம் இதுதான் காரணம், டேப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்குரூ போட்ட வேறொரு கேசட் கூட்டைத் திறந்து இந்தச் சுருளை அதில் மாற்றி வைத்தால் குரல் எழுந்துவிடும். முதல் தடவை செய்கிறவர்கள் ஒரு உபயோகமில்லாத கேசட்டில் பழகிவிட்டுச் செய்யுங்கள். சுருள் சரிந்து தரையெல்லாம் ஓடினால் அழுகை வரும், நான் அழுதிருக்கிறேன்.

பிளேயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கென்றே மலிவாக யு.எஸ்.பி. பெட்டிகள் விற்கிறார்கள். நான் பார்த்த இரண்டிலும் மோட்டார் ஆட்டம், பாட்டு தண்ணீரில் மிதந்தது. பழைய நல்ல டெக் ஒன்றைத் தேடி, பெல்ட் மாற்றி, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்து உபயோகிப்பது எவ்வளவோ மேல். கம்ப்யூட்டரில் பதிய ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், இலவசம். முதலில் வேவ் கோப்பாகவே எடுத்து வையுங்கள், ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி.க்குக் கொஞ்சம் மேலே வரும். இரைச்சலை நீக்கும் வேலையெல்லாம் அதன் நகலில்தான். இரைச்சலைச் சுத்தமாகத் துடைக்கிறேன் என்று கிளம்பினால் பின்னால் ஓடுகிற மின்விசிறி, தெருவில் போகிற ஐஸ்காரர் மணி, இருமல் எல்லாம் சேர்ந்து போய்விடும். அப்புறம் குரல் மட்டும் தனியாக, யார் வீட்டிலோ பேசுகிற மாதிரி நிற்கும்.

சரி, கும்பகோணத்துக்கு வருகிறேன்.

நாலு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள், கடையிலிருந்த மோனோ டேப் ரெக்கார்டரையும் ஒரு புதுக் கேசட்டையும் முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, நானே அந்த வீட்டுக்குப் போனேன். கேசட் காசு சனிக்கிழமை கணக்கில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. திண்ணையில் பாட்டி உட்கார்ந்து கொழுந்து வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். யாரு என்றார். கேசட் கடைப் பையன் என்றேன். ‘ஓ, நீதானா அது’ என்றார், அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

மன்னிப்புக் கேட்க நினைத்துப் போன வசனமெல்லாம் மறந்துவிட்டது. “பாட்டி, தாத்தா எப்படிக் கேப்பார்னு நீங்க சொல்லுங்க, பதிஞ்சுக்கறேன்” என்றேன். பதினாறு வயசுக்கு வேறென்ன தோன்றும்.

பாட்டி ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. டேப் ஓடிக்கொண்டிருந்தது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நிறுத்திவிடலாமா என்று நான் விரலைக் கொண்டுபோனபோது, தொண்டையைக் கனைத்து, குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “ஏண்டீ, பெட்டிய எங்க வச்சே?” என்றார். கொஞ்சம் நிறுத்தி, இன்னும் சத்தமாக, “காதுல விழறதா இல்லியா?” கதவோரம் அவள் சிரித்துவிட்டாள். பாட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் தடையே இல்லை. தாத்தா ரயிலைத் தவறவிட்டது, தாத்தா அறுபதாம் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு எழுந்துபோனது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு அதிகமாகித் தாத்தா நாக்கு வெந்தது. ஏ பக்கம் முழுக்க ஓடி, பட்டன் தானாக எழும்பும்வரை பேசினார். அவள் எப்போது வந்து பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

மே கடைசியில் ஒரு ராத்திரி ரயிலில் அவள் எழும்பூருக்குப் போனாள். ஆற்றில் இன்னும் தண்ணீர் வந்திருக்கவில்லை. போவதற்கு முன்னால், திண்ணையில் வைத்தே கேசட்டை வெளியே எடுத்தேன். இந்தத் தடவை ஸ்குரூ டிரைவரை மறக்காமல் பையில் கொண்டுபோயிருந்தேன். ஏ பக்கத்து லாக்கை உடைத்துவிட்டுக் கேசட்டைத் திருப்பினேன்.

“பி பக்கம் என்ன போடட்டும்?” என்றேன்.

“அதை உடைக்காதீங்க. ஒண்ணும் போடவும் வேண்டாம்” என்றாள். “இடம் இருக்கட்டும்.”